கொண்டை வைத்த பாய்லர்

ஸ்ரீவில்லிபுத்தூர் வெள்ளத்தாய் தன் ஆயுளில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் ரயில் டிக்கெட். அதிலும் கவுண்டரில் இருந்தவரிடம், ஜன்னலோர சீட்டையாவது சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. விற்கிறவன் விலையைக் குறைக்கலாம், குறைக்காமலும் போகலாம். அது அவன் பாடு. ஆனால் சாமானில் ஏதாவது ஒன்றைக் கழற்றி வைக்கச் சொன்னால்தான் வாங்குகிறவளுக்கு மரியாதை. பீரோ வாங்கினால் கண்ணாடி வேண்டாம் என்பார். கிரைண்டர் வாங்கினால் தேங்காய் துருவியைக் கழற்றச் சொல்வார். கழற்றியது போக மிஞ்சுவதுதான் சாமான், மற்றதெல்லாம் கடைக்காரனின் ஆசை என்பது அவர் முடிவு.

பால்கோவாப் பட்டறைக்கு வாங்கிய பாய்லரின் கொண்டையும் அப்படித்தான் போயிற்று.

பட்டறை அவர் ஒருவருடையது அல்ல. சில குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது. பேரம் பேசுவதற்கு மட்டும் வெள்ளத்தாயை முன்னால் நிறுத்துவார்கள். விறகடுப்பையெல்லாம் இடித்துவிட்டு, ஒரே பாய்லரில் ஆவி எடுத்து, அதைக் குழாய் வழியாக இரட்டைச் சுவர் வைத்த சட்டிகளுக்கு அனுப்பிப் பால் காய்ச்சுகிறார்கள். பாய்லர் விற்க வந்த வெளியூர்க்காரர் காட்டிய படத்தில், படுத்திருக்கும் பெரிய உருளையின் முதுகில் சின்ன உருளை ஒன்று நின்றுகொண்டிருந்தது. "இந்தக் கொண்டை எதுக்கு?" என்றார் வெள்ளத்தாய். முடியாது என்று சொல்லத் தெரியாத வியாபாரி அவர். "வேண்டாம்னா எடுத்துரலாம்மா" என்றார். எடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பட்டறைக் குழாய்கள் பேச ஆரம்பித்தன.

வத்திராயிருப்பு, பிளவக்கல் பக்கத்துப் பால் கேன்களெல்லாம் காலையில் ஒரே வண்டியில் வந்து இறங்கும். இறங்கியதும் சட்டியில் ஊற்றி, ஆளாளுக்கு வால்வைத் திறப்பார்கள். எல்லா வால்வும் ஒரே நேரத்தில் திறந்தால் பாய்லருக்குள் அழுத்தம் சட்டென்று இறங்கும்; உள்ளே இருக்கிற தண்ணீர் பொங்கி எழும்; ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து குழாய்க்குள் பாய்ந்து, வளைவுக்கு வளைவு டமார் டமார் என்று முட்டும். சட்டியின் சுவருக்குள் ஆவி நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கும். பால் சுண்டாது. சுண்டினாலும் கோவா மணல் மணலாகத் திரளாமல் களிம்பு மாதிரி நிற்கும். வெளியூர்க்காரருக்குப் போன் போட்டால், "ஒவ்வொரு வால்வா தொறங்கம்மா" என்றார். "யாரு மொதல்ல, யாரு கடைசின்னு நீயே வந்து சொல்லிட்டுப் போ" என்றார் வெள்ளத்தாய். அவர் வரவில்லை.

வந்தவள் ராஜபாளையம் ரெனிட்டா.

டிப்ளமோ முடித்து, ஒரு துணி ஆலையின் பாய்லர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, சத்திரப்பட்டி ரோட்டில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டிருந்தாள். பாய்லர் செய்ய அனுமதி வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். செய்யத்தான் ஆர்டர் வரவில்லை. அடுத்தவர் பெயர் அடித்த பாய்லருக்குள் ஊர்ந்து போய், அடுத்தவர் விட்ட குறையை ஒட்டிவிட்டு வெளியே வருவதே பிழைப்பாக இருந்தது. குழாய் சத்தம் போடும்போதெல்லாம் வெள்ளத்தாய் அவளுக்குப் போன் அடித்து, போனைக் குழாய் பக்கம் நீட்டிப் பிடிப்பார்.

"கேக்குதா?"

"கேக்குதுக்கா. வாரேன்."

கடைசியில் அந்தப் பாய்லரின் உள்குழாய்கள் ஒட்டுப் போட இடமில்லாமல் ஒழுக ஆரம்பித்தன. புதுசு வாங்கியே தீர வேண்டும் என்று ஆனதும் ரெனிட்டா தானே வரைந்த படத்தைச் சுருட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தாள்.

வெள்ளத்தாய் படத்தை விரித்தார். கண் நேராக மேலே போயிற்று.

"ஏட்டி, மறுபடியும் கொண்டையா?"

"அதுக்குப் பேரு டோமுக்கா. ஆவி அதுக்குள்ள ஏறி நின்னு, தண்ணியை உதறிட்டுப் பொறவுதான் குழாய்க்குப் போவும். உள்ள தடுப்புத் தகடு இருக்கு. உதறின தண்ணி திரும்பக் கீழயே இறங்கிரும்."

"கொண்டை நம்ம ஊரு ஆண்டாளுக்கு இருக்கு. அது போதும்."

"அதை எடுத்ததுனாலதான குழாய் இம்புட்டுச் சத்தம் போடுது."

"சத்தம் போடாத சாமான் எங்க இருக்கு? இந்தா, எங்க கொழுந்தனாரைப் பாரு."

கொழுந்தனார் கருத்தப்பாண்டி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாய்லர் ஓட்டும் சர்ட்டிபிகேட்டும் வைத்திருந்தார். "மதினி, அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்கு எல்லையில நிக்க மாதிரியே இருக்கு" என்றார். "பென்சன் வந்துருச்சு, சண்டைதான் முடியல."

வெள்ளத்தாய் அதைக் காதில் வாங்கவில்லை. "கொண்டையை எடு. அதுக்கு உள்ளதை ரேட்டுல கழி. நாளைக்கே ஆர்டர்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் ரெனிட்டாவின் முதல் பாய்லர் கைக்கு வந்துவிடும். ஆனால் எந்தப் பாய்லர்? அவள் பெயர் அடித்த தகடு அதன் நெற்றியில் இருக்கும். காலைதோறும் அது டமார் என்னும். தெருவில் போகிறவர்கள், யார் செய்தது என்று கேட்பார்கள். பால்கோவா எந்தெந்த ஊருக்குப் போகிறதோ, அந்தந்த ஊருக்கெல்லாம் அவள் பெயரும் கூடவே போகும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் ஒட்டுதான் போட வேண்டும்.

"எடுக்க மாட்டேன்க்கா" என்றாள்.

சட்டிகளில் துடுப்பால் பாலைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் துடுப்பை நிறுத்தினார்கள். வெள்ளத்தாயிடம் அந்தப் பட்டறையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"அப்ப வேற ஆளப் பாக்கட்டா?"

"பாருங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்லுததைக் கேளுங்க. செஞ்சு முடிச்சு என் ஷெட்டுலயே ஓட்டிக் காட்டுதேன். எல்லா வால்வையும் உங்க கையாலயே மொத்தமா தொறந்து விடுங்க. ஆவியோட தண்ணி வந்துச்சுன்னா, கொண்டையை நானே அறுத்துருதேன். அறுத்துட்டு மறுபடியும் பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல ஒப்புதல் வாங்குததும் என் பாடு. தண்ணி வரலேன்னா கொண்டையைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது."

வெள்ளத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் நல்ல மாட்டைப் பார்க்கிற பார்வை.

"நீ பேரம் பேசலட்டி. பந்தயம் கட்டுத."

"எப்படி வேணா வச்சுக்கோங்க."

ராஜபாளையத்தில் வெல்டிங் வேலை அவள் தம்பி கிறிஸ்டோவுடையது. விவரத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தான்.

"யக்கா, அந்தம்மா பந்தயத்துல தோத்தாலும் எதையாவது கழட்டாம லாரியில ஏத்த விட மாட்டாகளே!"

"தெரியும்ல" என்றாள் ரெனிட்டா. படத்தை மேசையில் விரித்துப் பென்சிலை எடுத்தாள்.

தண்ணீருக்கு மேலே ஆவிக்குத் தாராளமாக இடம் இருக்கட்டும் என்று உருளையின் சுற்றளவைக் கூட்டினாள். கொண்டைக்குள் இன்னொரு தடுப்புத் தகடு போட்டாள். பிறகு, கொண்டையைத் தொடாமல் உருளையின் முதுகிலிருந்தே நேராகக் கிளம்பும் இன்னொரு ஆவி வழியையும் அதற்கு ஒரு வால்வையும் வரைந்தாள். கிறிஸ்டோ குனிந்து பார்த்தான்.

"இது என்னது? இந்த வழியா எடுத்தா ஆவி தண்ணியோடதான வரும்?"

"வரட்டும்."

"ஒரே பாய்லர்ல நல்ல வழியும் வச்சுக் கெட்ட வழியும் வைக்கியா?"

"நல்ல சரக்கை மட்டும் காட்டுனா யாருல நம்புவா? மட்டமானதையும் பக்கத்துல வச்சாத்தான் கை நல்லதுக்குப் போவும்."

"பேசாம, வால்வை ஒண்ணொண்ணா தொறங்கன்னு ஒரு போர்டு எழுதி மாட்டிருவோமே. செலவு கம்மி."

"போர்டைப் பாத்து எந்தப் பால் காத்திருந்துச்சு? அவிய அப்படித்தான் தொறப்பாக. நாளைக்கும் அப்படித்தான் தொறப்பாக. இரும்பைத்தாம்ல மாத்தணும்."

அந்தப் படத்துக்கே ஒப்புதல் வந்தது. தகடு வந்து வளைந்தது. கிறிஸ்டோ போட்ட ஒட்டெல்லாம் எக்ஸ்ரே பரிசோதனையில் தேறின. இன்ஸ்பெக்டர் வந்து அழுத்தம் ஏற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பெயர்த்தகடும் வந்துவிட்டது. ரெனிட்டா அதைப் பாய்லரில் அடிக்கவில்லை. ஒரு துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சோதனை நாளன்று காலை, பால்கோவா டெலிவரி வேனில் வெள்ளத்தாயும் கருத்தப்பாண்டியும் வந்து இறங்கினார்கள். பாய்லர் ஷெட்டுக்கு நடுவில் கரும்பச்சைப் பெயிண்டில் நின்றது. கொண்டையிலிருந்தும் அந்த நேர் வழியிலிருந்தும் கிளம்பிய குழாய்கள் ஒன்றாகச் சேர்ந்து முற்றம் வரை போய், பட்டறையில் எத்தனை சட்டியோ அத்தனை வாயாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வால்வு. நீளக் கம்பிகளின் நுனியில், பக்கத்துத் தறியிலிருந்து வாங்கிய வெள்ளை பேண்டேஜ் துணி கட்டியிருந்தது.

"அண்ணே, அங்கயும் நீங்கதான் ஓட்டப் போறீங்க. இங்கயும் நீங்களே ஓட்டுங்க" என்று பாய்லரைக் கருத்தப்பாண்டியிடம் ஒப்படைத்துவிட்டு ரெனிட்டா முற்றத்துக்குப் போனாள்.

முதலில் கெட்ட வழி. அழுத்தமானியின் முள் ஏறி நின்றதும், வெள்ளத்தாயும் கிறிஸ்டோவும் ஆளுக்குப் பாதியாக வால்வுகளை ஒரே மூச்சில் திறந்தார்கள். டமார். வெள்ளையாகச் சீறிக்கொண்டு வந்தது. ரெனிட்டா கம்பியை நீட்டி எடுத்தாள். துணியிலிருந்து துருத் தண்ணீர் சொட்டியது.

"இது நம்ம பழைய பாய்லர்லா!" என்றார் வெள்ளத்தாய், சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

"ஆமாக்கா. இப்ப கொண்டை வழியாப் பாருங்க."

அதை அடைத்து இதைத் திறந்தார்கள். முள் மறுபடி ஏறும் வரை காத்திருந்து வால்வுகளைத் திறந்தார்கள்.

டமார்.

இரண்டாவது துணியும் சொட்டியது.

வெள்ளத்தாய் இரண்டு துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, மிகவும் மரியாதையாக, "தம்பி கிறிஸ்டோ, கட்டர் எங்க இருக்கு?" என்றார்.

கிறிஸ்டோவின் முகம் செத்துவிட்டது. ரெனிட்டா பாய்லரிடம் போனாள். கொண்டைக்கு உள்ளே வைத்த தகடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. பக்கவாட்டில், உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற கண்ணாடிக் குழாயைப் பார்த்தாள். பாதியில் நிற்க வேண்டிய தண்ணீர்க் கோட்டையே காணோம். உச்சி வரை தண்ணீர்.

"யாரு தண்ணி விட்டா?"

"நாந்தாம்மா" என்றார் கருத்தப்பாண்டி. "பாதிதான் இருந்துச்சு. பம்பு பட்டனை அமுக்கி நெறைச்சு விட்டேன்."

"எதுக்குண்ணே?"

"எங்க வீட்டுல அடுப்புல ஏத்துத பாத்திரத்தை அரைகுறையா ஏத்த மாட்டாக. அதுவும் புதுப் பாத்திரம், மொத நாளு." அவர் குரலில் குற்ற உணர்வு கொஞ்சமும் இல்லை. "அங்கயும் நான் இப்படித்தான் நெறைச்சு வைப்பேன்."

கழுத்து வரை தண்ணீர் நின்றால், கொண்டை எதைத்தான் உதறும்? அங்கே பழைய பாய்லர் போட்ட சத்தத்தில் பாதி எங்கிருந்து வந்தது என்பதும் ரெனிட்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கிறிஸ்டோ வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

வெள்ளத்தாய் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார். "சொல்லிரு. எங்க ஆளு மேல தப்புன்னு சொல்லிரு. முன்ன வித்தவனும் அதைத்தான் சொன்னான்."

"தப்பு என் பாய்லர் மேலதான்க்கா" என்றாள் ரெனிட்டா. "ஊத்த ஊத்த வாங்கிக்கிடுது பாருங்க, அதான் தப்பு. செத்த நேரம் குடுங்க."

"பந்தயம் முடிஞ்சு போச்சேட்டி!"

"தண்ணி வந்தா அறுத்துருதேன்னுதான் சொன்னேன். உடனே அறுத்துருதேன்னு சொன்னேனாக்கா?"

வெள்ளத்தாய்க்கு உதட்டோரம் துடித்தது. தொழில் தெரிந்தவர், எதிராளி நல்ல சீட்டு இறக்கினால் ரசிக்கத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "டீ சொல்லு. சீனி கம்மியா."

பாய்லரில் மிதவை ஒன்று ஏற்கெனவே இருந்தது. தண்ணீர் குறைந்தால் பம்பைத் தானாக ஓட்டும். அளவுக்கு வந்தால் நிறுத்தும். ஆனால் கையால் அமுக்குகிற பட்டன் அந்த மிதவையைக் கேட்காமலே பம்பை ஓட்டிவிடும். எல்லாரும் அப்படித்தான் இணைப்பார்கள். அவளும் அப்படித்தான் இணைத்திருந்தாள். கிறிஸ்டோவிடம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, பட்டனின் ஒயரைப் பிரித்து, அதையும் மிதவை வழியாகவே கொண்டுபோகச் சொன்னாள். "இந்தத் திருத்தத்தையும் படத்துல ஏத்தி ஆபீசுக்கு அனுப்பணும், மறந்துராத" என்றாள். கிறிஸ்டோ ஒயரை மாட்டி முடிப்பதற்குள் அவள் மிஞ்சிய தண்ணீரை இறக்கிவிட்டாள். கோடு கண்ணாடியின் பாதிக்கு வந்து நின்றது.

"அண்ணே, இப்ப நெறைங்க."

கருத்தப்பாண்டி பட்டனை அமுக்கினார். பம்பு அசையவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். கட்டை விரலை மாற்றி அமுக்கினார்.

"ரிப்பேராம்மா?"

"இல்லண்ணே. நெறைஞ்சிருச்சுன்னு சொல்லுது."

"பாதிதான இருக்கு?"

"கீழ் பாதி தண்ணிக்கு. மேல் பாதி ஆவிக்கு. அது எடத்தை நாம பிடுங்குனா அது நம்ம குழாயை முட்டும்."

கருத்தப்பாண்டி கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். "அப்ப நெறைபானைதான்."

"நெறைபானையேதான்."

அவருக்குத் திருப்தி. முள் ஏறியது. வெள்ளத்தாய் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். இந்த முறை கிறிஸ்டோவை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தானே ஒவ்வொன்றாக இல்லை, இரண்டு கையாலும் இரண்டிரண்டாகப் படபடவென்று திறந்துகொண்டே போனார். பட்டறைப் பெண்கள்கூட அத்தனை வேகமாகத் திறக்க மாட்டார்கள்.

சத்தம் வந்தது, ஆனால் முட்டுகிற சத்தம் இல்லை, பெரிய மூச்சு விடுகிற சத்தம். குழாய் வாயை ஒட்டிக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சாண் தள்ளித்தான் புகையாக மாறியது. தண்ணீர் கலக்காத ஆவி அப்படித்தான். ரெனிட்டா கம்பியை நீட்டிப் பிடித்திருந்து, மெல்ல இழுத்தாள்.

துணி லேசாக நமத்திருந்தது. சொட்டவில்லை. வெள்ளையாகவே இருந்தது.

வெள்ளத்தாய் அதை அவிழ்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் தேய்த்து, முகர்ந்தும் பார்த்தார். பட்டுச் சேலையாக இருந்தால் நூலை உருவியிருப்பார். பிறகு மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்பதுதானே பந்தயம்.

பாய்லர் ஆறிய மறுநாள் லாரியும் கிரேனும் வந்து நின்றன. சங்கிலி மாட்டப் போகிற நேரத்தில் வெள்ளத்தாய் கையைத் தூக்கினார்.

"எல்லாஞ்சரி. இப்ப ஒண்ணைக் கழட்டணும்."

கிறிஸ்டோ அக்காவைப் பார்த்தான். ரெனிட்டா முகத்தை எவ்வளவு வாட வைக்க முடியுமோ அவ்வளவு வாட வைத்தாள்.

வெள்ளத்தாய் பாய்லரைச் சுற்றி வந்தார். பாதுகாப்பு வால்வைத் தட்டினார். "மதினி, அது எங்க உசிரு" என்றார் கருத்தப்பாண்டி. மிதவையைத் தட்டினார். "அது என் மானம்" என்றார் கொழுந்தனார். வெள்ளத்தாயின் கை கொண்டையின் மேல் போய்ச் சற்று நேரம் இருந்தது. பிறகு தானாகவே இறங்கியது. கொண்டைக்குப் பக்கத்தில் இருந்த நேர் வழியின் வால்வில் வந்து நின்றது.

"இதுலதான கெட்ட ஆவி வந்துச்சு? இது எங்களுக்கு எதுக்கு?"

"அக்கா, அது புது வால்வு. நல்ல கம்பெனிச் சரக்கு. என்னைக்காவது தேவைப்பட்டா…"

"என்னைக்குன்னு தேதி சொல்லு."

"அதைக் கழட்டுனா அந்த வாயை அடைக்கணும்க்கா. அதுக்கு வேற வேலை…"

"அடை. கழட்டுனதைக் கழிச்சு ரேட்டைப் போடு. இல்லேன்னா லாரியைத் திருப்பிருவேன்."

ரெனிட்டா பெருமூச்சு விட்டு, தலையைச் சொறிந்து, "உங்களுக்காகச் செய்யுதேன்க்கா" என்றாள். கிறிஸ்டோ வால்வைக் கழற்றிவிட்டு, அந்த வாயை மூட ஒரு வட்டத் தகட்டைக் கொண்டுவந்து வைத்தான். போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. அதே கரும்பச்சைப் பெயிண்ட். வெள்ளத்தாய் விரலால் தேய்த்தார். விரலில் ஒட்டவில்லை.

"ஏட்டி, இது எப்ப அடிச்ச பெயிண்டு?"

"போன வாரம்க்கா."

"நான் எதைக் கழட்டுவேன்னு போன வாரமே தெரியுமாக்கும்?"

"எதைன்னு தெரியாது. கழட்டாமப் போவ மாட்டீங்கன்னு தெரியும். அதான் கழட்டுததுக்குன்னே ஒண்ணு வச்சேன்."

கருத்தப்பாண்டி அவசரமாக ஷெட்டின் கூரையை ஆராய்ந்தார். கிரேன் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டார். வெள்ளத்தாய் தகட்டையும் ரெனிட்டாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பேரம் பேச வந்தவகிட்டயே பேரத்தை வித்துட்டாளே இவ!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று நிமிர்ந்தார். "பேரு எங்க? பேரில்லாத சாமானை நான் ஏத்த மாட்டேன்."

ரெனிட்டா சாப்பாட்டுப் பையிலிருந்து தகட்டை எடுத்தாள்.

"ஏன் இதை மட்டும் போன வாரமே அடிக்கல?"

"கொண்டையை அறுக்க வேண்டியது வந்துருந்தா, அதுல என் பேரு இருக்க வேண்டாம்னுதான்க்கா."

வெள்ளத்தாய் சுத்தியலை எடுத்து அவளிடம் நீட்டினார். பாய்லரின் நெற்றியில் அதற்கென்று வைத்திருந்த பட்டையில் ரெனிட்டா ரிவிட் ஆணிகளை ஒவ்வொன்றாக வைத்து அடித்து முடித்த பிறகுதான் சங்கிலி ஏறியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குழாய்களை இணைத்து, இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துப் போன பிறகு, ஒரு காலையில் ரெனிட்டாவின் போன் அடித்தது. வெள்ளத்தாய். பின்னால் பால் கேன்கள் உருளும் சத்தம், பெண்கள் ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு வால்வு திறக்கிற சத்தம், "இந்தப் பட்டன் இன்னைக்கும் ஓட மாட்டேங்குதே" என்று கருத்தப்பாண்டியின் குரல்.

"ஏட்டி, போனைக் குழாய்கிட்ட பிடிக்கேன். கேக்குதா?"

ரெனிட்டா காதை அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கலையேக்கா."

"அதைச் சொல்லத்தான் அடிச்சேன்" என்று வைத்துவிட்டார்.